கோப்பையும் கிராப்பும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பாரிசில் அந்தத் தொல்லை இல்லை. டாலரை மாற்றினால் கை நிறைய பிராங்க் வேறு. அமெரிக்க எழுத்தாளர்கள் அங்கே கப்பலேறியதில் வியப்பென்ன?

அப்படி வந்த ஹெமிங்வேயும் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1925இல் முதன்முதலாகச் சந்தித்ததே பாரிசின் டிங்கோ என்ற மதுக்கூடத்தில்தான். அந்த வட்டாரத்தில் உலவிய ஆங்கிலேயச் சீமாட்டி டஃப் ட்விஸ்டனைப் பார்த்துத்தான், 'தி சன் ஆல்சோ ரைசஸ்' (1926) நாவலின் நாயகி பிரெட் ஆஷ்லியை ஹெமிங்வே வடித்தார். கிராப்புத் தலை, ஆண்களுக்கு ஈடாகக் குடி. அவளை விரும்பும் ஜேக், போர்க் காயத்தால் உடலுறவு கொள்ள இயலாதவன். கடைசியில் மாட்ரிட் உணவகத்தில் அவன் புட்டி புட்டியாக ஒயினைக் காலி செய்கிறான். போதும் என்று தடுப்பவள் அவள்!

ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்' (1927) சிறுகதை இன்னும் கூர்மை. ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையம், ஒரு ஜோடி, பீர். கருவைக் கலைக்கும்படி அவளை நச்சரிக்கிறான், அந்தச் சொல்லை மட்டும் உச்சரிக்காமல். ஸ்பானிஷ் தெரிந்தவன், கோப்பைகளை வரவழைப்பவன் எல்லாம் அவனே.

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'டெண்டர் இஸ் த நைட்' நாவலில் மனநோயிலிருந்து மனைவி நிக்கோல் மீள்கிறாள். மனநல மருத்துவரான கணவன் டிக் குடியில் சரிகிறான். 1934இல் அது வெளிவந்தபோது, ஆசிரியரின் மனைவி ஜெல்டா மனநல மருத்துவமனையில் இருந்தார்.