80 வயதில் பூத்த லூபின்

லூபின் ஆள் இடுப்புக்கு மேல் வளரும் பல்லாண்டுப் பூச்செடி. 1911-ல் இங்கிலாந்தின் யார்க் நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல், ஒரு வீட்டுப் பூச்சாடியில் அதன் மங்கலான பூக்களைக் கண்டார். இதைவிட அழகாக வரவழைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதே வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது!

வாடகை நிலத்தில் பல வகை லூபின் விதைகளை ஆண்டுதோறும் விதைத்தார். மகரந்தச் சேர்க்கையை பம்பிள் தேனீக்களே பார்த்துக்கொண்டன (சம்பளமில்லா வேலையாட்கள்!). பூத்ததும் மனதுக்குப் பிடிக்காத செடிகளை இரக்கமின்றிப் பிடுங்கி எறிவதுதான் அவர் வேலை. விலை பேசி வந்தவர்களுக்கெல்லாம் மறுப்புதான். வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெறும் செலவு.

கடைசியில் பேக்கர் என்ற நாற்றுப்பண்ணைக்காரருக்கு இசைந்தார். 1937-ல் லண்டன் கண்காட்சியில் இருநிறப் பூங்கொத்துகளுடன் அவை தங்கப் பதக்கம் வென்றன. ரஸ்ஸல் 1951-ல் காலமானார்.