நகரும் குன்றுகள்

குன்றை நிலைபேற்றுக்கு உவமையாக்குவது புலவர் மரபு. செங்கற்பட்டுக் குன்றுகளும் மாமல்லபுரத்துப் பாறைகளும் அவ்வுவமைக்கு உரியன போலவே தோன்றும். ஆயினும் அவற்றைத் தாங்கும் நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கு நோக்கி நகர்ந்து வருகிறது.

இவ்வுண்மை புலப்படுமுன் வேறொரு கருத்தே மேலோங்கியிருந்தது. மடகாஸ்கரின் லெமூர்களுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் இருப்பதைக் கண்ட விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர், இடையிலிருந்த நிலம் மூழ்கியதெனக் கருதி, 1864இல் அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். நம் அறிஞர் பலர் அதுவே குமரிக்கண்டம் என்றனர். கடல்கோள் பற்றிய பழஞ்செய்தி வேறு, ஸ்கிளேட்டரின் கருதுகோள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது தமிழுக்கு நன்மை செய்ததாகத் தெரியவில்லை.

நிலம் மூழ்கவில்லை, பிரிந்து விலகியது என 1912இல் ஆல்பிரட் வெகெனர் உரைத்தார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்புதூர்ப் படிவப் பாறைகளில் இலைத்தடங்களாய் எஞ்சியுள்ள செடிகள், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கிய காலத்தை ஒட்டித் தழைத்தவை. ஆனால் கண்டத்தையே நகர்த்தும் விசை எது? வெகெனரிடம் ஏற்கத்தக்க விடை இல்லை. அவரை எள்ளியோர் பலர்.

விடையின் முதற்பாதியை ஆர்தர் ஹோம்ஸ் தந்தார். கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் புவியின் உள்ளே வெப்பம் பிறக்கிறது. மேலோட்டின் கீழுள்ள பாறை திடமாயினும், அவ்வெப்பத்தால் உலைநீர் போலக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல எழுந்து தாழ்கிறது என்றார். மறுபாதி 1960களுக்குப் பின் தெளிவாயிற்று. குளிர்ந்து கனத்த கடற்றளம் புவிக்குள் அமிழ்கையில், தன்னோடு இணைந்த தட்டு முழுவதையும் இழுத்துச் செல்கிறது. நடுக்கடல் மலைத்தொடர்களின் உந்துதல் இதற்கு அடுத்ததே. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலிருந்த டெத்திஸ் கடலின் தளம் ஆசியாவின் அடியில் அமிழ்ந்து இந்தியாவை வடக்கே இழுத்தது. அம்மோதலில் எழுந்ததே இமயம்.

கிழக்கே சுமத்ராவை ஒட்டி இந்தியத் தட்டு இன்றும் அமிழ்கிறது. அங்கே நெடுங்காலம் இறுகி நின்ற விளிம்பு 2004 டிசம்பர் 26 அன்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான நீளத்திற்குப் பிளந்து வழுவியது. எழுந்த ஆழிப்பேரலை மூன்று மணி நேரத்திற்குள் மாமல்லபுரக் கரையை அடைந்தது. இக்கரையின் மீனவக் குப்பங்கள் உயிரும் உடைமையும் இழந்தன. அலை வடிந்தபின் சாளுவன்குப்பத்தில் மணல் விலகிக் கல்வெட்டுகள் தென்பட்டன. தொல்லியல் துறையினர் 2005இல் அங்கே அகழ்ந்தபோது, மணலுள் புதைந்திருந்த பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் வெளிப்பட்டது.