சுமாத்திரா கடற்கரையில் நில அசைவை அளந்த வரலாறு

சுமாத்திராவின் மேற்குக் கடலடியில் இந்திய-ஆத்திரேலியத் தட்டு, சுந்தாத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. அமிழ்கிறது. இரண்டும் உராய்வால் பூட்டிக்கொண்ட இடங்களில் மேல்தட்டு வில்லாக வளைந்து திரிபைச் சேமிக்கிறது; அதன்மேலுள்ள தீவுகள் மெல்லத் தாழ்கின்றன. பூட்டு விடுபடும்போது நிலநடுக்கம் நேர்ந்து, அவை சட்டென உயர்கின்றன.

பவளப் பதிவுகள்

கருவிகளுக்கு முன்பே இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிந்துவைத்தவை வட்டத்தட்டு வடிவப் பவளங்கள். இவை கடல் வற்றும் தாழ்மட்டம் வரையே மேல்நோக்கி வளரும். நிலம் உயர்ந்தால் நீருக்கு வெளியே வந்த மேற்பகுதி இறந்துவிடும். நிலம் தாழ்ந்தால் விளிம்பு மீண்டும் மேலே வளரும். அமெரிக்க நிலவியலாளர் கெர்ரி சீ, இந்தோனேசியாவின் டேனி நத்தாவிஜயா முதலியோர் மெந்தாவாய்த் தீவுகளில் இவற்றை அறுத்து, மர வளையங்களைப் போன்ற ஆண்டு வரிகளை ஆராய்ந்தனர். 1797, 1833 ஆம் ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களின் தடயங்கள் அவற்றில் இருந்தன.

செயற்கைக்கோள் அளவீடு

2002 முதல் இத்தீவுகளில் ஜி.பி.எஸ். நிலையங்கள் நிறுவப்பட்டன. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று பிளந்தது, வடக்கே அந்தமான் வரையான பகுதி. அதில் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் வரை உயிர்களைப் பறித்தது. 2005 மார்ச் 28 நிலநடுக்கத்தில் நியாசுத் தீவின் ஒரு நிலையம் ஏறத்தாழ 2.9 மீட்டர் உயர்ந்தது.

2007 செப்டம்பரில் மெந்தாவாய்ப் பகுதி குலுங்கியபோதும், சேர்ந்திருந்த திரிபின் ஒரு பகுதியே வெளியேறியது. சிபெரூட் தீவின் அடியில் பூட்டு விடுபடவில்லை. அதன் எதிர்க்கரையில் பாடாங் நகரம் இருக்கிறது. அளவீடு ஆபத்தின் இடத்தைக் காட்டும், நாளைக் காட்டாது.