நேற்றுவரை ஓடிய கணிப்பொறி இன்று ஏன் விழிக்கவில்லை?

மாலையில் மின்சாரம் போயிற்று. ஒரு மணி நேரத்தில் திரும்பியும் வந்துவிட்டது. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. ஆனால் கூடத்து மூலையில் மூன்றாண்டுகளாக இரவும் பகலும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறி மட்டும், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவதில்லை. குடும்பத்துப் படங்கள், வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் பாடங்கள் முதலியவற்றைச் சேமித்து வைத்து, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கெல்லாம் வழங்குகின்ற இயந்திரம் அது. 'சர்வர்' என்பர். "கரண்டு போய் வந்ததில் போர்டு அடித்துவிட்டது" என்று வீட்டில் உடனே தீர்ப்பு வழங்கப்படும்.

பாகூர்ப் பக்கம் இத்தீர்ப்பை மறுப்பது கடினம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பகுதி அது. வயல்தோறும் பம்பு செட்டு. ஒரே தடத்தில் பல மோட்டார்கள் ஓடினால் மின்னழுத்தம் தாழும்; அவை நின்றால் ஏறும். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே, அதாவது ஏறக்குறைய பாகூரின் தலைமேல், கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து வட்டாரமே இருளில் மூழ்கியது.

இந்த மின்சாரத்தை நம்பிக் கணிப்பொறி வைக்கலாமா என்ற கேள்வி இப்பகுதிக்குப் புதிதன்று. 1998-ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியுடன், வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுவட்டக் கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கியது. அப்போது தொலைபேசியும் சரியில்லை, மின்சாரமும் சரியில்லை. ஆகவே செய்திகளை அனுப்ப வானொலி அலை. கணிப்பொறியை ஓட்ட மின்வாரிய இணைப்போடு சூரிய மின்தகடுகள். ஏம்பலத்தில் மையம் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் அமைந்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மக்களைக் கரையிலிருந்து அகற்றியது இத்தகைய ஒலிபெருக்கிதான். எச்சரிக்கை வந்தது சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பாக. இயந்திரம் விழித்திருப்பதும் உறங்குவதும் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

(பாகூர்க்காரர்கள் இங்கே ஒன்று சொல்லக்கூடும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. அதைப் படிக்க இன்றும் மின்சாரம் தேவையில்லை!)

நம் கூடத்து மூலைக்குத் திரும்புவோம். மின்வெட்டுதான் கொலையாளியா, அல்லது முன்பே இருந்த நோயை அது வெளிப்படுத்தியதா? இதற்கு விடை காணக் கணிப்பொறியை 'விழிக்கச் செய்யும்' முறை எவ்வாறு வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஏனெனில் அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனையாக இன்றைய பலகையில் உயிரோடு இருக்கிறது.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. அதன் மின்வழங்கியின் திறன் 63.5 வாட், நம் பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்சு. அதைத் தட்டினால் மின்சாரம் உள்ளே பாயும், மீண்டும் தட்டினால் அற்றுப்போகும்; வேறு சூட்சுமம் இல்லை என்று தோன்றும். ஆயினும் ஒன்று இருந்தது. மின்வழங்கி தன் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் நிலைப்படுத்த ஒரு நொடியில் ஒரு பகுதி நேரம் எடுக்கும். அதற்குள் செயலி வேலையைத் தொடங்கினால் ஒன்றுக்கு ஒன்று தப்பாகப் படிக்கும். ஆகவே, "எல்லாம் சரியாயிற்று" என்று மின்வழங்கி தனியாக ஒரு கம்பியில் குறிப்பு அனுப்பும்வரை, பலகை செயலியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். தேர்வடத்தைப் பிடித்தவர்கள் கொடி அசையும்வரை இழுக்காமல் நிற்பதில்லையா, அதுபோல. இதற்குப் 'பவர் குட்' என்று பெயர்.

குறிப்பு வந்ததும் செயலி, அழியா நினைவகத்தில் எழுதியுள்ள ஒரு நிரலைப் படித்துத் தன்னையும் தன் உறுப்புகளையும் சோதித்துக்கொள்ளும். எல்லாம் நலம் என்றால் ஒரு சிறு 'பீப்'. கோளாறு என்றால் வேறு விதமான ஒலிகள். திரையே வேலை செய்யாதபோது திரையில் எழுதி என்ன பயன்? ஆகையால் ஒலியை மொழியாக்கினார்கள். 1984-இல் வந்த 'ஏ.டி.' கணிப்பொறியில் தேதியையும் அமைப்புகளையும் காத்துவைக்க ஒரு மின்கலம் சேர்ந்தது. அக்காலத்து மின்வழங்கியிலிருந்து பலகைக்கு இரண்டு செருகிகள் வரும். இடம் மாற்றிச் செருகினால் பலகை தொலைந்தது. பழுது பார்ப்போர் மனப்பாடமாக வைத்திருந்த சூத்திரம், கறுப்புக்கு அருகே கறுப்பு என்பது.

1995-இல் இன்டெல் நிறுவனம் 'ஏ.டி.எக்ஸ்.' என்னும் அமைப்பை அறிவித்தது. இங்கேதான் பெரிய மாறுதல். முன்புறப் பொத்தான் இனி மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. 'தயவுசெய்து எழுந்திரு' என்று பலகையிடம் விண்ணப்பம் மட்டுமே செய்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டுமே? அதற்காக, சுவரில் மின்சாரம் உள்ளவரை மின்வழங்கி ஒரு சிறிய 5 வோல்ட்டை ஊதாக் கம்பியில் எப்போதும் தந்துகொண்டே இருக்கும். வீட்டார் உறங்கும்போது திண்ணையில் ஒருவர் விழித்திருப்பதாகக் கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதும் பலகை பச்சைக் கம்பியின் அழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கும். அதைக் கண்ட மின்வழங்கி முழுவீச்சில் எழும். எல்லாம் நிலைப்பட்டதும், 0.1 முதல் 0.5 நொடிக்குள், சாம்பல்நிறக் கம்பியில் பழைய 'பவர் குட்' குறிப்பு வரும். 2000-ஆம் ஆண்டில் செயலியின் பசி பெருகியதால், அதற்கென்றே தனியாக 12 வோல்ட்டுச் செருகி ஒன்று சேர்ந்தது. இதைச் செருக மறந்தால் விசிறி சுற்றும், கணிப்பொறி விழிக்காது.

இப்போது நோயாளியை அணுகலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். ஊதாக் கம்பியில் 5 வோல்ட்டு இல்லையா? குற்றவாளி பெரும்பாலும் மின்வழங்கி, நம்மவர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கும் பெட்டி. அல்லது அதன் கம்பி, பிளக்கு. ஊதாவில் 5 இருக்கிறது, பொத்தானை அழுத்தியும் பச்சை இறங்கவில்லை என்றால் பொத்தானைச் சந்தேகிக்க வேண்டும். அதன் இரண்டு முனைகளைத் திருப்புளியால் ஒரு கணம் தொட்டு இணைத்துப் பார்க்கலாம். இரண்டு ரூபாய்ப் பொத்தானுக்காகப் பலகையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பச்சை இறங்கி, விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றால், எங்கோ குறுக்கிணைப்பு இருப்பதைக் கண்டு மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது பொருள். வட்டுகள், கூடுதல் அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, செயலியும் ஒரே ஒரு நினைவகத் துண்டும் மட்டும் வைத்துப் பலகையை அட்டைப் பெட்டிமேல் கிடத்தி ஓட்டிப் பார்ப்பது பயன் தரும். பெட்டியின் உலோகமோ, தவறான இடத்தில் நிற்கும் பித்தளைத் திருகோ, உள்ளே இறந்து கிடக்கும் பல்லியோ காரணமாயிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டு மாறுமின்சாரம் நேராக்கப்பட்டால் உச்சத்தில் ஏறக்குறைய 325 வோல்ட்டு ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே சில காலம் தங்கியிருக்கும்.

ஆனால் நம் புதிருக்கு இன்னும் விடை வரவில்லை. நேற்றுவரை ஓடியதே?

அடிகுழாய் அறிந்தவர்களுக்கு விடை எளிது. வறண்ட குழாயில் முதலில் ஒரு செம்பு நீர் ஊற்ற வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே நனைத்துக்கொள்ளும். நின்று வறண்டுபோனால் மறுபடி ஒரு செம்பு வேண்டும். மின்வழங்கியின் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் அப்படியொரு முதல் செம்பு உண்டு. ஒரு சிறிய மின்தேக்கி. ஓட்டம் தொடங்கும்வரை சில்லைத் தாங்குவது அதன் வேலை. பிறகு மின்மாற்றியின் ஒரு துணைச்சுருளிலிருந்து உணவு தொடர்ந்து வரும். மூன்றாண்டு வெப்பத்தில் அம்மின்தேக்கியின் கொள்ளளவு சுருங்கிவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் தெரியாது. மின்சாரம் போனது, இயந்திரம் குளிர்ந்தது, திரும்ப வந்தபோது செம்பு ஓட்டை. பலகையிலுள்ள மின்தேக்கிகளும் இப்படித்தான். முதுமையடைந்தவை சூட்டில் ஓரளவு சமாளிக்கும், குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கத் திணறும். எப்போதும் ஓடும் இயந்திரங்கள் மின்வெட்டுக்குப் பின் இறந்ததாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்த மின்தேக்கியின் வரலாறு சுவையானது. போலந்து நாட்டுக் கரோல் போலக் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அலுமினியத் தகட்டின்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்றை வளர்த்து, அதையே காப்பாகப் பயன்படுத்துவது தத்துவம். சில வோல்ட்டுத் தாங்கும் மின்தேக்கியில் அப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகையால்தான் சுண்டுவிரல் நுனியளவில் பெரும் கொள்ளளவு அடங்குகிறது. படலத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு மின்பகு திரவம் இருக்க வேண்டும். அத்திரவமே அதன் பலமும் பலவீனமும்.

1990-களின் இறுதியில் நீர் மிகுந்த திரவங்கள் வந்தன. விலை குறைவு, உள்மின்தடையும் குறைவு. ஆனால் நீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதைத் தடுக்கச் சில சேர்மங்கள் கலக்க வேண்டும். தைவானில் தயாரான பல மின்தேக்கிகளில் அவை இல்லை. ஒரு நிறுவனத்து இரகசியச் சூத்திரத்தைக் களவாடியவர்கள் அரைகுறையாக எழுதிக்கொண்டதால் வந்த வினை என்று 2002-இல் தொழில்துறை ஏடுகள் எழுதின. துப்பறியும் கதை போன்ற அப்பகுதியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வேதியியல் மட்டும் உறுதி. உலகெங்கும் பலகைகளில் மின்தேக்கிகள் தலை வீங்கி, பழுப்புத் திரவம் கசிந்து செத்தன. வேறு காரணத்தால் பழுதான மின்தேக்கிகளும் அதே காலத்தில் இருந்தன. கோளாறான கணிப்பொறிகளைச் சரிசெய்வதற்கென்று 'டெல்' நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது.

குற்றமற்ற மின்தேக்கிக்கும் ஆயுள் உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி என்று குறித்திருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் அது 32,000 மணி. ஓயாமல் ஓடும் இயந்திரத்துக்கு ஆண்டொன்றுக்கு 8,760 மணி என்பதால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 55 டிகிரியில் ஏழாண்டுக்கு மேல். பலகையில் மிகச் சூடான இடம் செயலியின் சுற்றுப்புறம். 65 வாட்டுச் செயலி 1.2 வோல்ட்டில் ஓடினால் 54 ஆம்பியர் அவ்விடத்து மின்தேக்கிகளின் வழியே சீராக்கப்பட வேண்டும். கத்திரி வெயிலில் தூசி படிந்த பெட்டியின் கதி என்னவென்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்னாளில் திரவத்துக்குப் பதிலாகத் திண்மப் பலபடி கொண்ட மின்தேக்கிகள் பலகைகளில் பரவின. அவற்றின் தலை பெரும்பாலும் கோடுகளின்றி வழவழப்பாயிருக்கும்.

ஆகவே பழைய பலகையில் மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். குறுக்குக்கோடு இட்ட தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்று மிகுந்த வோல்ட்டு, 105 டிகிரி, குறைந்த உள்மின்தடை உள்ள வகை; நேர், எதிர் முனைகள் மாறக்கூடாது. பற்றவைக்கும் கோல் பழகிய கைக்கு அரைமணி வேலை. பலகையின் வட்டமான 3 வோல்ட்டு மின்கலத்தையும் அப்போதே மாற்றிவிடலாம். அது தீர்ந்திருந்தால், விழித்தெழும் கணிப்பொறி தன் நிரல் எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதியைக் காட்டி நிற்கும். கோப்புகளைத் தொடுமுன் தேதியைத் திருத்திவிடுங்கள்.