கருக்காலக் குருதிப்போக்கும் ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்தும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

கருவுற்ற முதல் மூன்று திங்களில் தோன்றும் குருதிப்போக்கு, கரு நிலைக்குமா கலையுமா என்னும் ஐயத்தைத் தாய்க்கும் மருத்துவருக்கும் ஒருசேர எழுப்புவதாகும். ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்னும் அந்நெருக்கடி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மகப்பேற்று மருத்துவத்தை எங்குக் கொண்டு சென்றது என்பதற்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தின் வரலாறு சான்றாகிறது.

1938இல் இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் இச்செயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பற்றி அறிவித்தனர். காப்புரிமை பெறப்படாமையின் பல நிறுவனங்கள் இதனைத் தயாரித்தன. ஹார்வர்டைச் சார்ந்த ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் இணையர், கருக்காலக் கோளாறுகளுக்கு ஹார்மோன் குறைவே காரணம் எனக் கருதினர். இம்மருந்து நஞ்சைத் தூண்டி அக்குறையை நீக்கும் என்பது அவர்தம் கொள்கை. ஏழாம் வாரமளவில் நாளொன்றுக்கு 5 மி.கி. எனத் தொடங்கி, 35ஆம் வாரத்தில் 125 மி.கி. வரை உயர்த்தும் முறையை அவர்கள் வகுத்தனர். 1947இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கருச்சிதைவுத் தடுப்புக்கு இதனை ஏற்றது.

இக்கொள்கையின் பிழை விளைவைக் காரணமாகக் கொண்டதாகும். முதற்கட்டச் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் பிறழ்வால் நிகழ்வன. அத்தகைய கரு நலியும்போது ஹார்மோனும் குறைகிறது. மேலும், குருதிப்போக்குக் கண்ட பெண்களுள் பலருக்குச் சிகிச்சையின்றியே கரு நிலைக்கும். ஆகவே எம்மருந்தைக் கொடுப்பினும் அது பலித்ததாகவே தோன்றும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள் இத்தோற்றத்தை மெய்யென நம்பின எனலாம்.

1953இல் சிகாகோவில் வில்லியம் டீக்மன் குழுவினர் 840 பெண்களுக்கு ஸ்டில்பெஸ்ட்ராலும் 806 பெண்களுக்கு வெற்று மாத்திரையும் அளித்து ஒப்பிட்டனர். மருந்தால் பயனில்லை என்பது தெளிவாயிற்று. ஆயினும் மருந்துச்சீட்டுகள் நின்றுவிடவில்லை. இசைவும் திரும்பப் பெறப்படவில்லை. பின்வந்த பதினெட்டு ஆண்டுகளே இவ்வரலாற்றின் கொடிய பகுதி.

1971 ஏப்ரலில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கன்சர் ஆகியோர் பாஸ்டனிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். யோனியில் அரிய புற்றுநோய் கண்ட எட்டு இளம்பெண்களுள் எழுவரின் தாயர் கருக்காலத்தில் இம்மருந்தை உண்டவர்கள். ஒப்பீட்டுக்குரிய 32 தாயருள் ஒருவரும் உண்டிலர். அம்மகளிரிடம் நோய் முதலில் முறையற்ற குருதிப்போக்காகவே வெளிப்பட்டது. பருவ வயதின் மாதவிடாய்க் கோளாறு என எளிதில் கருதத்தக்க அறிகுறி அது. அவ்வாண்டு நவம்பரில் கருவுற்றோர்க்கு இம்மருந்தை அளித்தலாகாது என நிருவாகம் மருத்துவர்களுக்கு அறிவித்தது.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. நோயுற்ற மகளிரின் தாயருக்குக் கருக்காலக் குருதிப்போக்கும் முந்தைய கருச்சிதைவும் மிகுதியாக இருந்தமையை அவ்வாய்வே பதிவு செய்துள்ளது. எனில் தீங்கின் வேர் மருந்தா, குருதிப்போக்கா? இதற்கு விடை காண உதவியது, பயனின்மையை மெய்ப்பித்த அதே சிகாகோ ஆய்வாகும். அதில் சேர்க்கப்பட்டோர் குருதிப்போக்குக் கருதித் தெரிவு செய்யப்பட்டவர் அல்லர். அவர்தம் மகள்களைப் பின்னாளில் பரிசோதித்தபோது, யோனித் திசு மாற்றங்கள் மருந்துண்ட தாயரின் மகள்களிடமே மிக்கிருந்தன. 1978இல் இவோன் பிராக்பில், ஹெய்ன்ஸ் பெரண்டஸ் இருவரும் 1953ஆம் ஆண்டின் அதே தரவுகளை மீளக் கணித்தனர். காக்கும் எனக் கொடுத்த மருந்து கருச்சிதைவையும் குறைமாதப் பிறப்பையும் மிகுவித்தமை அவ்வெண்களிலேயே இருந்தது.