கடையும் கொப்பியும்: யாழ்ப்பாணக் கடைத்தெருவில் சோனகர்

யாழ்ப்பாணம் பெரிய கடை, கஸ்தூரியார் வீதி என்றதும் எங்கள் மூத்தவர்களுக்கு இரும்புக்கடை, நகைக்கடை, தையற்கடை எல்லாம் வரிசையாகக் கண்ணில் வரும். சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கமிருந்து நடந்தே போய்க் கடை திறந்தவர்கள் அவர்கள். வாப்பாவும் அங்கே வாடகைக்கு ஓர் இரும்புக்கடை வைத்திருந்தார். வலிகாமத்துக் கமக்காரர் மண்வெட்டியும் வாளியும் கடனுக்கு வாங்கிப் போவார்கள். வெங்காயமோ புகையிலையோ விற்றதும் வந்து கொடுப்பார்கள். கணக்கு ஒரு கொப்பியில் இருக்கும். பத்திரம், சாட்சி எதுவுமில்லை.

இந்தக் கடைத்தெரு அழிவது புதிதல்ல. 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் நகரின் கடைகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர, நகரமே வெறிச்சோடியது. இரண்டு தடவையும் கடைத்தெரு மீண்டது. 1981 இல் வியாபாரியும் வாடிக்கையாளரும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1995 இல் போனவர்களில் பெரும்பகுதியினர் அடுத்த ஆண்டே திரும்பினார்கள்.

எங்கள் கதை வேறு. 1995 இற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்திற்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடைச் சாவி வாப்பாவின் இடுப்பில் இருந்தது. கொப்பி கடைக்குள் இருந்தது.

2002 இல் ஏ9 வீதி திறந்ததும் வாப்பாவுடன் புத்தளத்திலிருந்து போனேன். கட்டடம் இருந்தது, உள்ளே வேறொருவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவர்மீது குற்றமில்லை, அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். திரும்பி வரும்போது வாப்பா சொன்னார்: "கடையத் திறக்கலாம் மகன், கொப்பியத் திறக்கேலாது." 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்த பின் எங்களில் சிலர் மீளக் குடியேறினர், வாப்பா போகவில்லை.

2009 இற்குப் பிறகு நகரத்தில் வங்கிக் கிளைகளும் பெரிய கடைத்தொகுதிகளும் எழுந்தன. பார்ப்பவருக்குக் கடைத்தெரு உயிர்பெற்றுவிட்டது. சட்டமும் ஓரளவு உதவியது. பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது பழைய விதி. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், பயங்கரவாதத்தால் வெளியேறியவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. உறுதி வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். வாடகைக் கடைக்காரரிடம் ஏது உறுதி? அவருடைய முதல், வாடிக்கையாளரின் நம்பிக்கை மட்டுமே.

எனவே கடைத்தெருவை மீட்பதென்பது கட்டடம் எழுப்புவதோடு முடிவதில்லை. மாநகர சந்தைக் கடைகளை ஒதுக்கும்போது பழைய வாடகைக்காரரின் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு வேண்டும். தொடக்க முதலுக்கு வட்டியில்லாக் கடன் வேண்டும். அதற்கு முதலில், எந்தக் கடையில் யார் இருந்தார் என்ற பட்டியல் வேண்டும். அது இப்போது முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. வாப்பா சொல்லச் சொல்லக் கஸ்தூரியார் வீதியின் ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். மறுபக்கம் எழுதுமுன் அவர் மௌத்தாகிவிட்டார். உங்கள் வீட்டில் அந்த வீதி தெரிந்த ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.