ஒலிக்குறிப்புச் சொற்கள்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

காகம் 'கா'வெனக் கரைதலால் அப்பெயர் பெற்றது என்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும் இச்சிறு பெயர் குறித்தே அறிஞரிடைப் பழைமையானதொரு வழக்கு நிகழ்ந்துள்ளது. வேதச் சொற்களை ஆராய்ந்து நிருத்தம் இயற்றிய யாஸ்கர், 'காக' என்பது ஒலியைப் பின்பற்றி எழுந்த பெயரென்றும், பறவைப் பெயர்களுள் இம்முறை பெருவழக்கென்றும் கூறினார். ஔபமன்யவரோ ஒலிவழிப் பிறந்த பெயரென ஒன்றில்லை என்றார். அவர் கருத்தும் யாஸ்கர் நூலாலேயே நமக்குத் தெரிய வருகின்றது.

மேனாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. 1772இல் வெளிவந்த தம் நூலில் ஹேர்டர், செம்மறியின் கத்தொலியை மனிதன் அதன் அடையாளமாகக் கொண்டமையைக் காட்டி, மொழியின் தோற்றத்தை விளக்கினார். 1861இல் விரிவுரையாற்றிய மக்ஸ் முல்லர், இத்தகைய கொள்கைக்கு நாயின் குரைப்பொலியையே பெயராகச் சூட்டி எள்ளினார். சொசூரின் விரிவுரைகள் 1916இல் நூலாயின. அவற்றில் அவர் காட்டிய சான்று வலியது. பறவைக் குஞ்சின் ஒலியிற் பிறந்த 'பீப்பியோ' என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சில் 'பிஷோன்' எனத் திரிந்து, ஒலிச்சாயலை இழந்து புறாவின் பெயராய் நின்றது. ஆகவே, ஒலியாற் பிறந்த சொல்லும் காலப்போக்கில் ஏனைய சொற்களைப் போல் ஆகிவிடும்.

இனித் தமிழ் மரபை நோக்குவோம். 'சலசல' போன்ற இரட்டைக்கிளவி பிரிந்து இசையாது என விதித்த தொல்காப்பியர், 'என' என்னும் இடைச்சொல் வரும் இடங்களை வகுக்குங்கால், இசையையும் குறிப்பையும் வேறாக எண்ணினார். இவ்வேறுபாடு நுண்ணியது. 'மடமட' என்பதைச் செவி கேட்கும். 'பளபள' என்பதைக் கண் காணும். 'கமகம' என்பதை மூக்கு முகரும். மூன்றும் ஒரே வார்ப்பில் அமைந்தனவாயினும், முதலாவது மட்டுமே ஒலியைப் போல்வது. எனவே ஒலிப்போலி ஒன்றையே அளவாகக் கொண்டு இவ்வினத்தை முற்றும் விளக்குதல் இயலாது. ஆபிரிக்காவின் பாந்து மொழிகளை ஆராய்ந்த டோக், ஒலியோடு நிறம், செயல், நிலை முதலியவற்றையும் உணர்த்தும் இத்தகைய சொற்களுக்குத் தனிப்பெயர் வகுத்தது 1935இலேயாம்.

பின்னர் 1969இல் எமனோ, திராவிட மொழிகளிலும் இந்திய ஆரிய மொழிகளிலும் இவ்வகைச் சொற்கள் ஒத்து வழங்குதலை விரிவாக ஆராய்ந்து, இந்திய மொழிகளின் நெடுங்காலக் கலப்பிற்குச் சான்றாக்கினார்.

மழலை வழக்கென்றும் எழுத்திற்கு ஆகாதனவென்றும் இவற்றை மாணவர் கட்டுரைகளினின்று களைவோர் இன்றும் உளர். மொழியின் தோற்றத்தை இச்சொற்கள் உணர்த்துமோ என்னும் வினா ஒருபுறம் நிற்க, மொழிகள் ஒன்றோடொன்று உறவாடிய வரலாற்றை இவை உணர்த்துகின்றன. இலக்கண முதனூலே இடமளித்துப் போற்றிய சொற்களை இழிவழக்கென ஒதுக்குதல் தகுமோ என்பதைக் கற்பிப்போர் சிந்தித்தல் வேண்டும்.